நாலாவது அடுப்பு

எங்கள் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சமையல்கூடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டு மேடை, மேடைமேல் வரிசையாக ஆறு கேஸ் அடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் நீலப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். வாரக்கணக்கில் தங்கி சிகிச்சை எடுப்பவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் அங்கே சமைப்பார்கள். பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள் எல்லாவற்றிலும் தேங்காயை அரைத்து ஊற்றுவார்கள். திருப்பனந்தாளிலிருந்து வந்த ஒரு அம்மாள் மூன்று வேளையும் மிளகு ரசம்தான் வைப்பார். என் அறை ஜன்னல் அந்தக் கூடத்தைப் பார்த்தபடி இருந்தது. காலையில் நாற்காலியில் உட்காரும்போதே எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் ஆயிஷா. சொந்த ஊர் ராஜகிரி. நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. கதவில் 'உணவியல் ஆலோசகர்' என்று பலகை தொங்கும். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. டயட்டம்மா என்பார்கள். புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு எனக்குக் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் கிடைத்திருக்கிறது. ஆனால் வாசனை எதுவும் வருவதில்லை. அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் நாலாவது அடுப்பும் அதன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற இளையபெருமாளும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய தெருவில் அவர் வீடு. இளையபெருமாளின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். இவர் கூலிக்கு உழுதார், பிறகு குத்தகைக்கு எடுத்து உழுதார். மனைவி பொன்னுத்தாய்க்குப் பன்னிரண்டு வயதிலிருந்து நடவு வேலை. ஒரே மகள் சுடர்விழி எம்.சி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தாள். அவளுடைய சம்பளமும் இவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்ததும் சேர்ந்து அந்த வருஷம் தை மாதம் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வாங்கினார்கள். முப்பது வருஷம் கூலிக்கு நட்ட அதே வயல். பட்டா பொன்னுத்தாய் பெயரில் மாறியது. பட்டா மாறிய மறு மாதமே அவருக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது.

"பல்லு பட்டு கடிச்சிக்கிட்டேன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "பொகையிலய அந்தப் பக்கந்தான் அடக்கிக்குவேன். குனிஞ்சா சாயங்காலம் வரைக்கும் நிமுர முடியாதுல்ல, வாயில அது கெடந்தா பசிக்காது. எங்க ஆளுங்க எல்லாரும் அடக்கிக்குவாங்க. யாருக்கும் ஒண்ணும் வரல. எனக்கு வந்துட்டுது."

சித்திரையில் ஊருக்கு வந்த சுடர்விழி, அம்மா சோற்றை விரலால் மசித்து மசித்து ஒரு ஓரமாகத் தள்ளிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தவள் மறுநாளே எங்களிடம் அழைத்துவந்துவிட்டாள்.

எங்கள் மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். அறுவைச் சிகிச்சை செய்பவர், கதிர்வீச்சுக்காரர், மருந்து ஏற்றுபவர், ஸ்கேன் படிப்பவர், திசுவைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பவர், பல் டாக்டர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் என்று எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்வது என்று பேசுவார்கள். நான் கடைசி நாற்காலியில் இருப்பேன். பொன்னுத்தாயின் படம் திரையில் வந்தபோது, முதலில் ஆபரேஷன், பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு நாள் மருந்து என்று முடிவானது. கதிர்வீச்சு டாக்டர் அமிர்தலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"வெயிட் எவ்வளவு?"

"நாப்பத்தாறு, சார்."

"நாப்பதுக்குக் கீழ போகவிடாதீங்க. போனா முடிக்க முடியாது. பாதியில நிறுத்தினா செஞ்சது அத்தனையும் வீண்."

ஆடியில் ஆபரேஷன் நடந்தது. கன்னத்தின் உள்சதையையும் தாடை எலும்பின் விளிம்பையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியதும் புரட்டாசியில் கதிர்வீச்சு ஆரம்பமானது. அதை எங்கள் பக்கத்து ஜனங்கள் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். முகம் அசையாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் அவரவர் முக அளவில் ஒரு வலை செய்வார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அப்படியே இறுகவிடுவார்கள். தினமும் அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிட்டுத்தான் மிஷினை ஓடவிடுவார்கள்.

"நாத்தங்கா சேத்துல குப்புற வுழுந்த மாதிரி இருந்துச்சு" என்றார் பொன்னுத்தாய். "ஆனா மூச்சு வுட முடியுது. அதுவரைக்கும் நல்லதுன்னு கெடந்தேன்."

துணைக்கு இளையபெருமாள் வந்தார். முதல் நாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணே, அக்காவுக்கு இனிமே எல்லாம் கொழகொழன்னு இருக்கணும். காரம் கூடாது, சூடு கூடாது. அடிக்கடி கொஞ்சங்கொஞ்சமா குடுக்கணும். யாரு சமைப்பாங்க?"

"நாந்தாங்க."

"உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?"

"திங்கத் தெரியும்ங்க" என்றார். சிரிக்கவில்லை.

அவருக்கு நாலாவது அடுப்பு ஒதுக்கினார்கள். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. மூன்றாம் நாள், ரசம் வைக்கும் திருப்பனந்தாள் அம்மாள் கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி, நொய்யை எப்படி வறுத்துப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார். நான் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியைக் காரமில்லாமல் வைக்கும் பக்குவத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் வயல் வேலை மாதிரியே கற்றுக்கொண்டார். தண்ணீர் எத்தனை விரல் நிற்க வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்று கேட்பார். ஒரு வாரத்தில் முருங்கைக்கீரையைத் தண்டில்லாமல் ஆய்ந்து, பருப்போடு குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, என் ஜன்னலில் நீட்டி "இது சரியா இருக்குங்களா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அந்த நாட்களில் அவர்கள் இருவரையும் பார்ப்பது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. காலை பத்தரைக்குக் கரண்டு. அதை முடித்துக்கொண்டு பயிற்சி அறைக்குப் போவார்கள். தாடை இறுகிப்போகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து வாயைத் திறக்க வேண்டும். பொன்னுத்தாய் குச்சிகளைக் கடித்துக்கொண்டு உட்கார, இளையபெருமாள் எதிரே உட்கார்ந்து தானும் வாயைத் திறந்து காட்டுவார். மத்தியானம் மாமரத்து நிழலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பேசுவார்கள்.

"ஊர்ல இப்புடி ஒக்காந்ததே இல்லம்மா" என்று ஒருநாள் பொன்னுத்தாய் சொன்னார். "நான் நடவுக்குப் போனா அவரு வரப்புக்கு அண்ட வெட்டப் போயிடுவாரு. அவரு வந்தா நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிடுவேன். ராத்திரி சோத்த போட்டுட்டு படுத்தா அடிச்சிப்போட்ட மாதிரி தூக்கம். இருவத்தெட்டு வருசத்துல இந்த மனுசன் இம்புட்டு பேசுவாருன்னே எனக்குத் தெரியாது."

பக்கத்து அறையில் பஞ்சநதம் என்று பேராவூரணிக்காரர் ஒருவர் இருந்தார். தென்னந்தோப்பு, ஆள், அம்பு என்று வாழ்ந்தவர். தொண்டையில் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மனைவி இல்லை. மகன் துபாயில் இருந்தான். கூட இருக்க வந்த ஆள் பத்தாம் நாளே ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. பேச முடியாமல் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். இளையபெருமாள் அவருக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. ஒரு தம்ளர் கூடுதலாக நொய்யைப் போட்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் பஞ்சநதம் சிலேட்டில் எழுதி நீட்டினார்: 'எங்க வீட்டுக்கு உங்க ஆளுங்க கொல்லப்பக்கந்தான் வருவாங்க.'

இளையபெருமாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க கொல்லையே கெடையாதுங்களே" என்றார். "எல்லாம் ஒரே வாசல்தான். ஆறுறதுக்குள்ள குடிங்க."

பஞ்சநதம் துண்டால் சிலேட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு கஞ்சியைக் குடித்தார்.

பதினைந்தாவது கரண்டுக்குப் பிறகு வாய் வெந்துபோகும் என்று எல்லோரிடமும் முன்பே சொல்லிவைப்போம். சொன்னபடியே பொன்னுத்தாயின் வாய் முழுவதும் கொப்புளித்தது. நாக்கு வெளுத்து, எச்சில் நூலாக ஒழுகியது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. ருசி போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் சாம்பலைத் தின்கிற மாதிரி இருப்பதாகச் சொன்னார். எடை நாற்பத்து மூன்றானது, நாற்பத்தொன்றானது. வெள்ளிக்கிழமை, பதினேழாவது கரண்டு முடிந்து தராசில் ஏறியபோது முப்பத்தொன்பதரை.

டாக்டர் அமிர்தலிங்கம் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூக்கு வழியா ஒரு சின்னக் குழாய் போட்டுடுவோம். வாய்க்கு வேலையில்லாம சாப்பாடு நேரா வயித்துக்குப் போயிடும். ஒரு மாசம்தான்."

பொன்னுத்தாய் தலையை ஆட்டி மறுத்தார். வெளியே வந்த அவர்களை என் அறைக்கு அழைத்துச்சென்று, குழாயில் ஊற்றும் மாவு டப்பாவை எடுத்துக் காட்டினேன். ஆறு கரண்டி மாவு, ஒரு தம்ளர் தண்ணீர், சமையலே வேண்டாம், வேலை சுலபம் என்று சொன்னேன். அன்று வாசலில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் அவ்வளவுதான் சொன்னேன். இளையபெருமாள் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

சனி, ஞாயிறு கரண்டு கிடையாது. இருவரும் ஊருக்குப் போனார்கள். திங்கட்கிழமை நாலாவது அடுப்பு எரியவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சுடர்விழிக்குப் போன் செய்தேன்.

"எனக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க மேடம். நடவு நடவுங்கறாங்க. அம்மா பேசவே மாட்டேங்குது. எனக்கு லீவு வியாழக்கிழமைதான் கெடைக்கும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. மத்தியானம் டாக்டரிடம் சொல்லிவிட்டு நானே பஸ் ஏறினேன். ஐப்பசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பூதலூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வயல்கள் பாதி பச்சையும் பாதி சேறுமாகக் கிடந்தன. இறங்கி விசாரித்தபோது ஒரு பெண் வரப்பு வழியைக் காட்டினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று மா வயலில் எட்டுப் பெண்கள் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். இளையபெருமாள் தூரத்தில் நாற்று முடிகளைச் சுமந்து வந்து வீசிக்கொண்டிருந்தார். வரப்பில், குடையைப் பிடித்துக்கொண்டு, வாயை ஈரத்துணியால் மூடியபடி பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"நேத்து வரல. இன்னிக்கும் வரல" என்றேன்.

அவர் பேசுவது சுலபமாகப் புரியாது. நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று எச்சிலைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எம் பேர்ல இருக்கற வயலு. மொத நடவு. பாக்க வேணாமா?"

"பாக்கணுந்தான். இன்னிக்கு முடிஞ்சிடும்போல இருக்கே. நாளைக்கு வந்துடுவீங்களா?"

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். மழை குடைமேல் சடசடத்தது.

"குழாய்க்குப் பயமாக்கா?"

"கன்னத்தையே அறுத்து எடுத்தாச்சு. கொழாய்க்கு என்னாத்துக்குப் பயப்படப் போறேன்."

"பின்ன என்ன? என்கிட்ட சொல்லுங்க."

அவர் வயலுக்கு அப்பால் போகும் புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"அவரு வச்ச கஞ்சிய நான் குடிச்சி ஒரு வாரமாவுதும்மா. ஒரு மொடக்கு எறங்கல. அவரு பாத்தரம் கழுவப் போவாருல்ல, அந்த நேரத்துல கொண்டுபோயி மாமரத்தடியில ஊத்திட்டு வந்துடுவேன். வந்து, குடிச்சிட்டியா, நல்லாருந்துச்சாம்பாரு. நல்லாருந்துச்சும்பேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சி கீரை ஆயிறாரு. கடைத்தெரு முச்சூடும் சுத்தி வெராமீனு வாங்கிட்டு வர்றாரு. இனிமே டப்பா மாவுதாங்கறீங்க. அப்பறம் அந்த மனுசன் என்னா செய்வாரு? அடுப்புக்கிட்ட நிக்கறதுனாலதான் அவரு நிக்கிறாரு. அதயும் புடுங்கிக்கிட்டா ஒடஞ்சிபோயிடுவாரு. அதுக்கு நான் இப்புடியே போறேன்."

அந்த டப்பாவை எடுத்துக் காட்டியவள் நான்தான்.

"அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். "டப்பா மாவு, சமைக்க ஆளில்லாதவங்களுக்குத்தான். குழாய்ல அண்ணன் வைக்கிற கஞ்சியே போவும். நல்லா அரைச்சு ரெண்டு தடவ வடிகட்டணும், அவ்வளவுதான். கீரத்தண்ணி, பருப்புத்தண்ணி, மீன் சாறு, மோரு எல்லாம் போவும். சொல்லப்போனா அவருக்கு வேலை இப்ப இருக்கறதவிட ரெண்டு மடங்கு ஆயிடும். ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஊத்தணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

இளையபெருமாள் என்னை அடையாளம் கண்டு, சேற்றுக் காலோடு வரப்பேறி வந்தார். துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போவணும்" என்றார் பொன்னுத்தாய் அவரிடம். "நம்ம வீட்டு மிக்சிய எடுத்துக்கங்க. அங்க இருக்கறது சரியா அரைக்க மாட்டேங்குது."

இளையபெருமாள் தலையை ஆட்டினார். பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டு, பெண்களிடம் "அந்த மூலையில நாத்து பத்துமா, பாருங்க" என்று சத்தம்போட்டுக் கேட்டார். அந்த மூலையில் நாற்று குவிந்து கிடந்தது.

நான் கிளம்புவதற்கு முன் பொன்னுத்தாய் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினார். சேற்றுத் தண்ணீர் அந்தக் கழுத்துப் புண்ணில் படக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பேசாமல் தன் கையிலிருந்த நாற்று முடியில் பாதியைப் பிரித்துக் கொடுத்தாள். பொன்னுத்தாய் ஐந்தாறு குத்து நட்டார். விரல்கள் பழக்கத்தில் விறுவிறுவென்று போயின. நிமிர முடியாமல் நின்றபோது இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை நாலாவது அடுப்பு எரிந்தது. டாக்டர் அமிர்தலிங்கம் விட்டுப்போன இரண்டு நாளுக்காக இரண்டு சனிக்கிழமை மிஷினை ஓடவைத்தார். நர்ஸ் குழாயைப் போட்டுவிட்டு, எப்படி ஊற்ற வேண்டும், ஊற்றி முடித்துத் தண்ணீர் விட்டு எப்படிக் கழுவ வேண்டும் என்று இளையபெருமாளுக்கு இரண்டு முறை செய்து காட்டினாள். மூன்றாவது முறை அவரே செய்தார்.

வாய்க்கு ருசி தெரியாமலே வயிற்றுக்கு உணவு போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இளையபெருமாள் ஒரு வேலையைத் தொடங்கினார். ஊற்றும்போதே என்ன ஊற்றுகிறேன் என்று சொல்வார்.

"இது முருங்கைக்கீரத் தண்ணி. பூண்டு ரெண்டு பல்லு தட்டிப்போட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி."

பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"இது வெராமீனு சாறு. கவுச்சி வாசம் கூட இல்ல. மீன் உசுரோட வாங்குனது."

ஒருநாள் வயல் நண்டு வந்தது. ஊரிலிருந்து வந்த பெண் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இளையபெருமாள் அதை ஓட்டோடு இடித்துச் சாறெடுத்து நாலு முறை வடிகட்டினார். சமையல்கூடமே மணத்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஊற்றும் நேரத்துக்கு அவர்கள் அறைக்குப் போனேன்.

"கலியாணம் ஆன புதுசுல, பெருமழை பேஞ்ச வருசம், வேலை இல்லாம கெடந்தமே" என்று ஆரம்பித்தார். "வாய்க்கா ஓரத்துல வளை வளையா கைய வுட்டு புடிச்சிட்டு வந்தேன். நீ அம்மியில நச்சி ரசம் வச்ச. மொளகு இல்ல, பச்ச மொளகாதான் இருந்துச்சு. அந்த ரசம். அதேதான் இது. ஒரப்புதான் இல்ல."

பொன்னுத்தாய் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

"என்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கி நண்டு என்னிய கடிச்சத சொல்லுறா" என்றார். அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

பஞ்சநதத்துக்கும் அந்த வாரம் குழாய் போட்டிருந்தார்கள்; பக்கத்து அறையிலிருந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிலேட்டில் 'எனக்கும் சொல்லு' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து இளையபெருமாள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

ஐப்பசி முடிவதற்குள் முப்பதாவது கரண்டு முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் இளையபெருமாள் நாலாவது அடுப்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். எனக்கு மனசில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் சொன்னதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன்.

"நடுவுல அக்கா சரியா சாப்புடாம இருந்தாங்கல்ல" என்று மட்டும் ஆரம்பித்தேன்.

"மாமரத்தடியில ஊத்துனதச் சொல்றீங்களா?" என்றார். "தெரியும்ங்க. காலையில காக்கா கூடிடும், தெரியாமலா போவும்?"

"தெரிஞ்சும் கேக்கலயா?"

"எப்புடிங்க கேக்கறது. எனக்கு வருத்தமா இருக்கும்னுதானே ஒளிச்சா." துண்டால் கையைத் துடைத்தார். "நான் பாத்தரத்த மெதுவாத்தான் கழுவுவேன். அவ போயிட்டு வர நேரம் வேணும்ல."

தை பிறந்து அறுவடை ஆனது. புதுநெல்லை அவித்துக் குத்திய அரிசியில் ஒரு பை கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். குழாயை எடுத்திருந்தார்கள். பொன்னுத்தாய் கூழாகக் குடிக்க ஆரம்பித்திருந்தார், ருசி மட்டும் வரவில்லை. பிறகு ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. போனில்தான் பேசிக்கொண்டோம். வைகாசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"டயட்டம்மா, உப்பு தெரியுது" என்றார் பொன்னுத்தாய்.

"என்ன சாப்ட்டீங்க?"

"ரசஞ்சோறு. உப்பு கூடன்னு சொன்னேன். அவரு அடுப்படியில ஒக்காந்து அழுதுகிட்டு இருக்காரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

போனை அவரிடம் கொடுத்தார். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன்.

பஞ்சநதம் அந்த ஆவணியில் இறந்துபோனார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. கடைசி இரண்டு வாரம் எங்கள் வலி நிவாரணப் பிரிவில் இருந்தார். சேதி கேட்டு இளையபெருமாள் பேராவூரணிக்குப் போய்விட்டு வந்தார். முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள் என்று சொன்னார்.

அதன் பிறகு பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். சமையல்கூடத்தை இடித்தபோது வந்திருந்தார்கள். ஜேசிபி மேடையைப் பெயர்ப்பதை நாங்கள் மூன்று பேரும் மாமரத்தடியில் நின்று பார்த்தோம்.

போன ஐப்பசியில் ஐந்து வருஷம் முடிந்தது. அன்று டாக்டர் அமிர்தலிங்கம் வாயையும் கழுத்தையும் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "பொன்னுத்தாய், நீங்க தாண்டிட்டீங்க. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்" என்று சொல்லியிருக்கிறார்.

என் புது அறைக்கு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் சந்தோஷத்தில் எழுந்து பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் வாடியிருந்தது.

"என்னக்கா? டாக்டர் வேற ஏதாவது சொன்னாரா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாருக்குன்னுட்டாரு."

"பின்ன ஏன் இப்படி இருக்கீங்க?"

அவர் இளையபெருமாளைப் பார்த்தார். இளையபெருமாள் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாங்க இங்க வர்ற அன்னிக்கி என்னா செய்வோம் தெரியுமா?" என்றார் பொன்னுத்தாய் மெதுவாக. "மொத பஸ்ஸுல ஏறி பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்குவோம். ஒங்கள பாத்துட்டு, பழைய பஸ்ஸ்டாண்டுல இட்டிலி. அப்பறம் பெரிய கோயிலு புல்லுல துண்ட விரிச்சி ஒக்காந்துருப்போம். பொழுது சாயற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம். ஊருக்குப் போனா ஆடு, மாடு, நாத்து, களை. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சும்மா கெளம்பி வர முடியுமா? புருசனும் பொண்டாட்டியும் எங்க சோடி போட்டுக்கிட்டு போறாங்கம்பாங்க. ஆசுபத்திரின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இனிமே வருசத்துக்கு ஒரு நாளுங்கறாரு."

இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவ கெடக்கா, வுடுங்க. நல்ல சேதி சொல்லியிருக்காரு, அத நெனக்காம" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். இழுப்பறையிலிருந்து உணவு ஆலோசனை அட்டை ஒன்றை எடுத்து, பெயர், வயது, எடை எல்லாம் நிரப்பினேன். எடை ஐம்பத்திரண்டு. கீழே குறிப்பு என்ற இடத்தில், 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவு ஆலோசனைக்கு நேரில் வரவும். சமைப்பவரும் கூட வர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன்.

பொன்னுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. அட்டையைப் புருஷனிடம் தள்ளினார். இளையபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். பிறகு அட்டையை மேசைமேல் வைத்து, என் பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

"ரெண்டு மாசம்னு போட முடியாதுங்களா?" என்று கேட்டார்.